பூசையில் வைத்த கம்பி

சீதாலெட்சுமிக்கு வாய் நீளம் என்பதில் கிள்ளான் காப்பார் சாலையில் இருக்கும் அந்த லாண்டிரியில் இரண்டு கருத்து கிடையாது. முதலாளி ரெங்கசாமி அவளைப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக்கியதே அந்த வாய்க்காகத்தான். ஷா ஆலாமில் ஒரு நாள் வகுப்புக்கு அனுப்பினார். போகும்போது இஸ்திரி ரோலரில் துணி கொடுக்கிறவளாகப் போனவள், திரும்பும்போது பச்சை மேல்சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தாள். மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். ஈரத் தரையில் ரப்பர் செருப்போடு நடந்தவனை நிறுத்தினாள். பிளீச் டின்னையும் அமில டின்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவனை அவன் பாட்டனார் வரைக்கும் விசாரித்தாள். துப்பட்டாவைத் தொங்கவிட்டு ரோலர் பக்கம் போன பெண்களை வாசலுக்கே திருப்பி அனுப்பினாள். அவர்கள் அவளுக்கு 'போலிஸ் அக்கா' என்று பேர் வைத்தார்கள். அவளுக்கு அந்தப் பேர் பிடித்திருந்தது.

டெங்கில் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டம் வீட்டுமனையானபோது குடும்பம் கிள்ளானுக்கு வந்தது. கல்யாணம், ஒரு மகன், சின்ன வயதிலேயே கணவனின் சாவு, எல்லாம் கிள்ளானில்தான். மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். தீபாவளிக்குத் தீபாவளி வருவான், சில வருடம் அதுவும் இல்லை. ஆகக்கூடி அவளுக்கென்று இந்த ஊரில் இருந்த ஒரே மனுஷி லோகேஸ்வரி.

லோகேஸ்வரி அவளைவிட நாலைந்து வயது இளையவள். இரண்டு பேரும் ஒரே ரோலரில் ஜோடி. ஹோட்டல் படுக்கை விரிப்பு என்பது ஒரு ஆள் கையாளுகிற சாமான் இல்லை. இந்த முனையை ஒருத்தி பிடிக்க வேண்டும், அந்த முனையை இன்னொருத்தி. ஈரத் துணியை இழுத்து நேராக்கி, சுடச்சுடச் சுற்றும் ரோலரின் வாயில் ஒரே நேரத்தில் கொடுத்து, ஒரே நேரத்தில் விட வேண்டும். ஒருத்தி முந்தினால் துணி கோணும், பிந்தினால் விரலைக் கேட்கும். இயந்திரச் சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் லோகேஸ்வரி நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'ட்சக்' என்று ஒரு சொடுக்குப் போடுவாள், மாட்டை ஓட்டுகிறவன் போடுவதுபோல. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் இரண்டு பேரும் விடுவார்கள். வருடக்கணக்காக அந்தச் சொடுக்கில்தான் அவர்கள் வேலை ஓடியது. சீதா சில நாள் தூக்கத்தில் அதைக் கேட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எழுந்திருப்பாள். சொன்னால் லோகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அந்த ரோலரின் வாய்க்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி உண்டு. ஆட்கள் அதை விரல் கம்பி என்பார்கள். துணி அதன் அடியில் போகும். கை தப்பித்தவறி உள்ளே போனால் கம்பியில் இடிக்கும். இடித்தால் உள்ளே இருக்கும் சுவிட்ச் அழுந்தி ரோலர் நின்றுவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. பழைய ரோலருக்கு அந்தக் கம்பி கிடையாது. அந்தக் காலத்தில் சுட்ட தழும்பு ஒன்று சீதாவின் இடது மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது. புது ரோலர் வந்த அன்று அவள், இயந்திரத்தோடு வந்த பயிற்சிக்காரன் சொன்னதை நம்பாமல், ஒரு மரக்கரண்டியை விட்டு இடித்துப் பார்த்தாள். ரோலர் கப்பென்று நின்றது. அதற்குப் பிறகு தினமும் காலையில் வேலை தொடங்குமுன் ஒரு தடவை அந்தக் கம்பியை இடித்துப் பார்ப்பது அவளுக்குப் பல் விளக்குவது மாதிரி ஆகிவிட்டது.

இப்படிப்பட்டவள்தான் அந்தத் தப்பைச் செய்தாள். அதைச் சொல்லத்தான் இத்தனையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரெங்கசாமி ஆயுத பூசையை விடாமல் செய்கிறவர். அன்றைக்கு இயந்திர ஓட்டம் கிடையாது. காலையிலிருந்து கழுவுதல், துடைத்தல். லோரி டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. நடு ஹாலில் சரஸ்வதி படம் வைத்து, அதற்கு முன்னால் ஸ்பேனர், கத்தரிக்கோல், லோரிச் சாவி என்று கைக்கு வந்த ஆயுதத்தையெல்லாம் பரப்பி, பொரி, அவல், சுண்டல் என்று படையல் போடுவார்கள்.

அந்த வருடம் மெக்கானிக் நாகையா ரோலருக்கு எண்ணெய் போடுவதற்காக விரல் கம்பியைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார். சீதா அதைப் பார்த்தாள். துணிப்பஞ்சு படிந்து அழுக்காகக் கிடந்தது. உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தாள். துடைக்கத் துடைக்க அவளுக்கு மனசு இளகிவிட்டது. வருடா வருடம் விரலைத் தின்னப் பார்க்கிற ரோலருக்குப் பொட்டு வைக்கிறோம், அதைத் தடுக்கிற இதுக்கு ஒரு நாளாவது வைத்தோமா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எல்லாரும் ஆமாம் என்றார்கள். அவளே அதைத் தூக்கிக்கொண்டு போய், சரஸ்வதி படத்துக்கு நேர் முன்னால், ஸ்பேனரையெல்லாம் தள்ளிவிட்டு நடுவில் வைத்தாள். லோகேஸ்வரி சந்தனம் பூசி, மோதிர விரலால் வரிசையாகக் குங்குமம் வைத்தாள். சாமி மாதிரி இருந்தது கம்பி. ரெங்கசாமி கைப்பேசியில் படம் எடுத்தார்.

பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்து, பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பியிருந்தார்கள். அப்போது சுபாங் ஜெயாவில் இருக்கும் ஒரு ஹோட்டலிலிருந்து அழைப்பு வந்தது. கல்யாணக் கூட்டம் ஒன்று முன்கூட்டியே வந்து இறங்கிவிட்டதாம், விரிப்பு பற்றவில்லை. ரெங்கசாமி தலையைச் சொறிந்தார். பெரிய வாடிக்கை. துவைத்த துணி ஈரத்தோடு கூடையில் இருக்கிறது; ரோலரில் விட்டு எடுத்தால் போதும். ஒரே ஒரு ஓட்டம் என்றார். சாமி கும்பிட்ட கையோடு ஓட்டுவது நல்லதுதானே என்று அவரே ஒரு சாஸ்திரமும் கண்டுபிடித்தார். வீட்டுக்குப் போகாமல் இருந்த ரோலர் ஜோடி சீதாவும் லோகாவும்தான்.

தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து துவைக்கும் பகுதியில் வேலை செய்த அழகிரி என்ற பையன் கூடையைத் தள்ளிக்கொண்டு வந்தான். ரோலரின் வாய் மொட்டையாக இருப்பதைப் பார்த்தான்.

"அக்கா, கம்பி அங்க சாமிகிட்ட இருக்கு. எடுத்து மாட்டிரலாமா?"

சீதா திரும்பிப் பார்த்தாள். பூசைக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பூசையில வச்சத மறுபூசைக்கு முன்னாடி எடுக்கக் கூடாதுப்பா. நாளைக்குக் காலையிலதான். கொஞ்சத் துணிதானே லா, நாங்க பாத்துப்போம்."

எனக்கு இந்த இடம்தான் ஆறவே மாட்டேன் என்கிறது. பூசையில் வைத்ததைத் தொடக் கூடாதென்றால் ரோலரையும்தான் தொடக் கூடாது. அதற்கும் சந்தனம் பூசியாகிவிட்டது, அதற்கும் மாலை போட்டாகிவிட்டது. இயந்திரத்தை ஓட்டலாமாம், அதற்குக் காவலாக இருக்கிற கம்பியை மட்டும் எடுக்கக் கூடாதாம். அங்கே நின்ற ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை. முதலாளிக்கு வாடிக்கை, நாகையாவுக்கு வீட்டுக்குப் போகிற அவசரம், சீதாவுக்குச் சாமி. கேட்ட அழகிரியும் ஊருக்குப் புதுசு. பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போய்விட்டான்.

முதல் சில விரிப்புகள் நன்றாகவே போயின. சொடுக்கு, விடு, சொடுக்கு, விடு. பிறகு ரோலரின் மேல் போட்டிருந்த செவ்வந்தி மாலை, அதிர்வில் மெல்ல நழுவி, லோகா பக்கம் தொங்கியது. அதன் வால் வெள்ளை விரிப்போடு சேர்ந்து உள்ளே போகப் பார்த்தது. செவ்வந்தியின் மஞ்சள் சூட்டில் பட்டால் வெள்ளைத் துணியில் ஏறிவிடும், எந்த பிளீச்சுக்கும் போகாது. லாண்டிரியில் இத்தனை வருடம் இருந்தவளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. யோசிக்கவும் வேண்டியதில்லை. லோகேஸ்வரியின் வலது கை தானாகப் போய் மாலையைப் பிடித்தது. கம்பி இருந்திருந்தால் அந்தக் கை அதில் இடித்திருக்கும், ரோலர் நின்றிருக்கும், ஒரு விரிப்பு கறைபட்டிருக்கும், ரெங்கசாமி முணுமுணுத்திருப்பார். அன்றைக்கு அங்கே இடிக்க ஒன்றும் இல்லை.

சிவப்புப் பொத்தான் சீதாவின் பக்கம் இருந்தது. அவள் பாய்ந்து அடித்தாள். ரோலர் நின்றது. நின்று என்ன? கை உள்ளே இருந்தது, ரோலர் சூடாக இருந்தது. நாகையா வந்து உருளையைத் தூக்கும் வரைக்கும் சீதா லோகாவை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குமேல் அதை விவரிக்க எனக்கு மனசு வரவில்லை. ஆஸ்பத்திரியில் கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள்.

பிறகு ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கண்ணேறு என்றார் ஒருவர். ரோலரில் ஏதோ இருக்கிறது என்றார் இன்னொருவர். ரெங்கசாமி ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து நிஜமாகவே அழுதார். பிறகு பெரிய பூசணிக்காயாக வாங்கி வந்து லாண்டிரி வாசலில் உடைத்தார். உடைத்ததைப் பெருக்கிக்கொண்டிருந்த நாகையா, எல்லாம் விதி, நம்ம கையில் என்ன இருக்கிறது என்று சீதாவுக்கு ஆறுதல் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

"விதி இல்லண்ணே," என்றாள் சீதா. "கம்பி இல்ல."

அதோடு வீட்டுக்குப் போய்விட்டாள். பச்சை மேல்சட்டையைக் கழற்றி அலமாரியின் அடித்தட்டில், கணவனின் பழைய துணிக்குக் கீழே வைத்தாள்.

விசாரணைக்கு அதிகாரி வரப் போகிறார் என்று தெரிந்ததும் ரெங்கசாமி எல்லாரையும் கூப்பிட்டுப் பேசினார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். கம்பி அதன் இடத்தில்தான் இருந்தது, லோகேஸ்வரிதான் அதற்கு அடியில் கையை விட்டுவிட்டாள் என்று எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிவிட்டால் யாருக்கும் தொல்லை இல்லை என்றார். கம்பியும் அதற்குள் அதன் இடத்துக்குப் போயிருந்தது; குங்குமம்கூடத் துடைத்தாகிவிட்டது. ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். லாண்டிரி மூடினால் அத்தனை பேர் அடுப்பும் மூடும். சீதாவின் முறை வந்தபோது, வந்திருந்த மலாய்க்காரப் பெண் அதிகாரியிடம் தனக்குத் தெரிந்த மலாயில் நடந்ததை நடந்தபடி சொன்னாள். கம்பியைச் சாமியிடம் வைத்தது நான். எடுக்கட்டுமா என்று ஒரு பையன் கேட்டான். வேண்டாம் என்று சொன்னதும் நான். அதிகாரி எழுதுவதை நிறுத்தினாராம். பாதுகாப்புக்குப் பொறுப்பு யார் என்று கேட்டாராம். அதுவும் நான்தான் என்றாளாம்.

ரோலருக்கு முத்திரை வைத்தார்கள். ரெங்கசாமி மேல் வழக்கு வந்தது. சில வாரம் வேலை இல்லாமல் ஆட்கள் திண்டாடினார்கள். போலிஸ் அக்கா என்று அழைத்தவர்கள் இப்போது பேர் சொல்லிக்கூட அழைக்கவில்லை. உள்ளதைச் சொன்னால் நொள்ளைக் கண்ணிக்கு நோப்பாளம் என்பார்களே, அந்தக் கதைதான். அதையெல்லாம் சீதா தாங்கிக்கொண்டாள். அவளால் தாங்க முடியாதது வேறு.

லோகா அவளைப் பார்க்க மறுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே சீதா ரசமும் சோறும் எடுத்துக்கொண்டு அவள் பிளாட்டுக்குப் போனாள். மகள் ஷாமினி, இடைநிலைப் பள்ளியில் படிக்கிற பெண், கம்பிக் கதவைத் திறக்காமலே நின்றாள். அம்மா தூங்குறாங்க ஆன்டி என்றாள். உள்ளே டிவி சத்தம் கேட்டது. சீதாவுக்குப் பழக்கமான லோகாவின் இருமலும் கேட்டது. ரசத்தைக் கதவு இடுக்கு வழியாகக் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்த ஞாயிறும். அம்மா எப்போதும் தூங்கிக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை ஷாமினியின் தலையைப் பார்த்தாள். இடுப்புவரை தொங்கும் முடி, லோகா தினமும் காலையில் இரட்டைப் பின்னல் போட்டுவிடுவாள். அதைக் கழுத்தோடு வெட்டியிருந்தார்கள். சீதா படியிறங்கும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

லோகா திட்டினால் போதும் என்று நினைத்தாள். கதவைத் திறந்து, உன்னால்தானடி என்று கன்னத்தில் ஒன்று, அந்த மீதிக் கையால் கொடுத்தாலும் போதும். அது கிடைக்காதா என்றுதான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனாள்.

லாண்டிரி மறுபடி திறந்தது. ரோலரில் சீதாவுக்கு ஜோடியாக ஒரு நேப்பாளப் பெண் வந்தாள். நல்ல பெண், சுறுசுறுப்பு. ஆனால் சொடுக்கு இல்லை. தலையை ஆட்டினால் விட வேண்டும். சீதா தலையைப் பார்க்க மறந்து, காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். துணி கோணிக்கொண்டு போகும்.

வருடம் திரும்பியது. ஆயுத பூசை வந்தது. வேண்டாம் என்று விட்டுவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், ரெங்கசாமி விடவில்லை. காலையில் நாகையா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ரோலர் பக்கம் போனார். அங்கே சீதா நின்றுகொண்டிருந்தாள். அலமாரி அடித்தட்டிலிருந்து எடுத்த பச்சைச் சட்டை, மடிப்புக்கூடக் கலையாமல், உடம்பில் இருந்தது.

"கம்பியில கை வைக்காதீங்கண்ணே. சாமிக்குப் பொட்டு வைக்கணும்னா அது இருக்கிற எடத்துல வைங்க. மாலையும் வேணாம்."

மின்சாரப் பெட்டியைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்திருந்தாள். நாளைக் காலை மறுபூசை முடிந்தபிறகுதான் தருவேன் என்றாள். ரெங்கசாமி தூரத்திலிருந்து பார்த்தார். நாகையா குனிந்து, ரோலரின் வாய்க்கு முன்னால் குறுக்கே கிடந்த கம்பிக்கு, அங்கேயே சந்தனம் பூசினார். அன்று பிற்பகல் எந்த ஹோட்டல் அழைத்ததோ, என்ன கேட்டதோ தெரியாது. தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது.

பொரியும் சுண்டலும் கட்டி எடுத்துக்கொண்டு சீதா லோகாவின் பிளாட்டுக்குப் போனாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நாலாவது மாடி நடையில் திரும்பியவள் அப்படியே நின்றாள்.

கதவு திறந்திருந்தது. ஷாமினி வீட்டில் இல்லை. லோகேஸ்வரி வெளியே நின்று, கொடியில் காயப்போட்ட படுக்கை விரிப்பை மழை வருவதற்குள் எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முனையை இடது கையால் பிடித்தால் மறுமுனை நழுவியது. அதைப் பல்லால் கவ்வினாள். இது நழுவியது. சீதாவைப் பார்த்துவிட்டாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, திருப்பினால் துணி தரையில் விழும்.

சீதா பொரிப் பொட்டலத்தைச் சுவரோரம் வைத்துவிட்டு மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் துணியை இழுத்து நேராக்கினார்கள். லோகாவின் வலது கைச் சட்டை நுனி முடிச்சுப் போட்டிருந்தது.

"கம்பிய கழட்டினாங்களா இன்னிக்கு?" என்று லோகா கேட்டாள், துணியைப் பார்த்தபடி.

சீதா இல்லை என்று தலையாட்டினாள்.

லோகா தன் முனையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தாள்.

"அழகிரி கேட்டப்ப நீ முந்திக்கிட்டக்கா, அவ்வளவுதான். நீ சொல்லலன்னா நான் சொல்லிருப்பேன், எடுக்கக் கூடாதுன்னு. பொட்டு வச்சதே நான்தானே. உன் மூஞ்சப் பாத்தா அத ஒத்துக்கணுமேன்னுதான் இத்தன நாளும் தூங்கினேன்."

திட்டு வாங்க வந்தவளுக்கு இது கிடைத்தது. திட்டாக இருந்திருந்தால் வாங்கி வைத்துக்கொண்டு அழுதுவிட்டுப் போயிருப்பாள். இதை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மழையின் முதல் துளிகள் நடைச் சுவரில் விழுந்தன. லோகா ஒரு முனையைத் தாடைக்கு அடியில் அழுத்தி, இன்னொரு முனையை இடது கையில் பிடித்து, துணியை இரண்டாக மடித்தாள். சீதா தன் பக்கம் மடித்தாள். இனி சீதா தன் முனைகளை விட வேண்டும். லோகா வாங்கி மடிக்க வேண்டும். லோகா பழக்கதோஷத்தில், தன்னையறியாமல், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டினாள்.

ட்சக்.

அந்தச் சத்தம் கேட்டதும் விட வேண்டும். ஒரு வருடமாக அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றவள் சீதா. அவள் துணியை இறுகப் பிடித்துக்கொண்டே நின்றாள். லோகா இழுத்துப் பார்த்தாள், மறுபடி சொடுக்கினாள், விடுக்கா என்றாள். சீதாவால் விட முடியவில்லை.